அத்தையின் மனு: நாட்குறிப்பு

2025 ஜூன் 3

பத்திர நகல் கைக்கு வந்தது. அத்தை தன் வீட்டை மகனுக்கு 2019-இல் எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட். இப்போது அவன் கவனிப்பதில்லை, வீட்டைத் திரும்ப வாங்க வழி பார்க்கணும். நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். "உன்மீது எனக்குள்ள அன்பாலும் பாசத்தாலும்... இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது... எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை." அவ்வளவுதான். கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. வேறு யாருக்கோ அடித்ததில் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் "மகளாகிய உனக்கு" என்று அப்படியே கிடக்கிறது. வாங்கியவன் மகன்.

உயிலாக எழுதியிருந்தால் இன்று கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்.

ஜூன் 4

சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் அத்தை ஒருத்தியே ரத்துப் பத்திரம் பதிய முடியாதா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒருதலைப்பட்ச ரத்தைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-இல் சொல்லிவிட்டது. மிச்சம் இரண்டு வழி. சிவில் கோர்ட்; இல்லையென்றால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு. சிவில் கேஸ் முடியும்வரை 74 வயது காத்திருக்காது.

ஜூன் 6

மூன்றாம் பக்கம் விடவே மாட்டேன் என்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும், வாங்கியவர் மறுத்திருக்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் 23 என்றது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். 2025 ஜனவரி 2-இல் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. எல்லோரும் அதையே நீட்டுகிறார்கள். அந்த வழக்கில் மகன் எழுதிக் கொடுத்ததாக ஓர் உறுதிமொழிச் சீட்டும் காட்டப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. நம்மிடம் துண்டுச் சீட்டு கிடையாது. நமக்கு உதவுவது மார்ச்சில் வந்த நாகப்பட்டினத்து வழக்கின் தீர்ப்புதான்: அன்பும் பாசமும் காரணமாகக் கொடுத்தேன் என்பதே மறைமுக நிபந்தனை என்கிறது உயர் நீதிமன்றம்.

ஜூன் 9

வில்லங்கம் பார்த்தேன். புதிதாக ஒன்றுமில்லை.

ஜூன் 11

அத்தை: "அவன் சோறு போடலைன்னு எழுதாத தம்பி. பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம்."

அதை எழுதாவிட்டால் மனுவே இல்லை. மறுத்தான் என்பதுதான் 23-க்கு உயிர். கடைசியில் வசை எதுவும் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும் என்று முடிவு: சமையலறைக்குப் பூட்டு விழுந்த நாள், மாத்திரை வாங்க மகள் பணம் அனுப்பிய நாட்கள், கடை ரசீதுகள். "கவனிக்கவில்லை" என்று பொதுவாக எழுதிய மனுக்கள்தான் விசாரணையில் படுத்துவிடுகின்றன.

ஜூன் 13

மகள் கொதிக்கிறாள். "வீடு அண்ணனுக்கு, நோட்டீஸ் எனக்குமா?" அவள் கோபம் நியாயம்தான், ஆனால் சட்டம் வேறு. பெற்றோரைப் பராமரிக்கும் கடமை சொத்து வாங்கியவருக்கு மட்டுமில்லை, மகன் மகள் இருவருக்கும் உண்டு. நாம் அவளை விட்டுவிட்டாலும் அண்ணன் அவளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மாதம் 15,000 கேள் என்கிறாள். சட்டத்தின் உச்சவரம்பே 10,000. விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகை கேட்டு ஒரு பத்தி சேர்த்தாயிற்று. பலர் விட்டுவிடும் பத்தி அது.

ஜூன் 16

மனு கொடுத்தாயிற்று. ஒப்புகைச் சீட்டும் வாங்கியாயிற்று.

ஜூன் 24

அத்தையின் இறந்துபோன இளைய மகனின் வைப்புத்தொகை. நாமினி அவன் மனைவி, ஆகவே முழுதும் அவளுக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கும் ஆள், உரிமை வாரிசுகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு. (தகப்பன் அந்த வகுப்பில் வரமாட்டார்.) மனைவி, ஒரே பெண், தாய்: ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வாரிசுச் சான்றில் அத்தை பெயர் இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் பார்க்கணும். விதவை மருமகளிடம் போய்க் கேட்க அத்தைக்கு வாய் வராது. எனக்கும் வராது. ஆனாலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று ஏதாவது நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 3

மழை. நோட்டீஸ் சார்வானதாக, அதாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல். மனுவை முடிக்க வேண்டிய 90 நாள் கணக்கு சார்வான தேதியிலிருந்துதான்.

ஜூலை 11

சமரசம். "நல்லபடியாப் பாத்துக்கிறேன்" என்று எழுதித் தந்தான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்துவிட்டாள்! இப்படி எழுதினால் நாளைக்கு எதை வைத்து வசூலிப்பது? எவ்வளவு, மாதம் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், எந்த அறை, சமையலறைச் சாவி யாரிடம், இவ்வளவும் வேண்டும். உத்தரவில் தொகை இருந்தால்தான், கட்டாதபோது வாரண்டு வரை போகலாம். ஒரு மாதம் உள்ளே வைக்கவும் இடமுண்டு. தொகை என்றதும் அவன் எழுந்துவிட்டான்.

ஜூலை 12

அத்தை பேசவில்லை.

ஜூலை 25

விசாரணை. 17-ஆம் பிரிவைக் காட்டி அவன் கூட்டிவந்த வக்கீலை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "பத்திரத்துல எங்க இருக்கு நிபந்தனை?" மூன்றாம் பக்கம், மறுபடியும். நாகப்பட்டினத்துத் தீர்ப்பின் நகலைக் கொடுத்தோம். அத்தையிடம் கேட்டபோது பூட்டைப் பற்றிச் சொன்னாள். தேதியோடு சொன்னாள்.

ஆகஸ்ட் 4

வில்லங்கத்தில் புதுப் பதிவு. எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை ஈடாக ஒப்படைத்ததன் பதிவு. சமரசத்தன்று எழுந்து போனவன் மறுவாரமே மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். இனி 23-இல் உத்தரவு வந்தாலும் வங்கி, மனு நிலுவையில் இருந்தது எனக்குத் தெரியாது என்றுதான் நிற்கும். வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மனு, மேற்கொண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாதென்று தடை கேட்டு இன்னொன்று, வங்கி மேலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம். மூன்றும் நாளைக் காலையிலேயே. அத்தையின் கையெழுத்து வேண்டும், இன்னும் சொல்லவில்லை.