பாசன எஞ்சினைக் காற்று கம்ப்ரசராக்கும்போது

பாலாற்றை ஒட்டிய ஊர்களில் மோட்டார் கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் ஐந்து எச்.பி. டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் பழுதானவை அல்ல. தரைமேல் இருக்கும் பம்பு 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. நிலத்தடி நீர் இறங்கியதும் சப்மெர்சிபிள் வந்தது, எஞ்சின் ஓய்ந்தது. அதன் பிஸ்டனும் கிராங்கும் இன்னும் பல வருடம் உழைக்கக்கூடியவை. டீசல் எரிக்காமல், வெளியிலிருந்து ஒரு மின் மோட்டார் பெல்ட் போட்டுச் சுற்றினால், வேலூர் பைபாஸில் ஒரு பஞ்சர் கடைக்கு வேண்டிய காற்றை அந்த எஞ்சினே தரும்.

பெட்ரோல் எஞ்சின் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. காரணம், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், மிஞ்சும் இடம். அங்கே அடைபட்ட காற்று பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, புதுக் காற்றுக்கு வழிவிடாது. 8:1 கம்ப்ரெஷன் (காற்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குவது) உள்ள பெட்ரோல் எஞ்சின், சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தத்தில் தன் கொள்ளளவில் பாதிகூடத் தராது. 16.5:1 உள்ள டீசல் எஞ்சின் முக்கால் பங்கு தரும். போர் (சிலிண்டர் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 110 மி.மீ. என்றால் 553 சிசி. நிமிடத்துக்கு 600 சுற்றில் சுமார் 250 லிட்டர் காற்று கிடைக்கும். 1440 சுற்று ஓடும் 3 எச்.பி. மோட்டாரில் 5 அங்குல புல்லியும், எஞ்சினில் 12 அங்குல புல்லியும் போட்டால் இந்த வேகம் சரியாக வரும்.

டீசல் பம்பைக் கழற்றி, அந்த வாயைத் தகடு வைத்து மூட வேண்டும். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடு இரண்டையும் எடுத்துவிடலாம். அந்தப் புஷ்ராடுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் கை வைக்கக் கூடாது, பல எஞ்சின்களில் ஆயில் பம்பு அதிலிருந்துதான் ஓடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு பழைய ஸ்பிரிங்கோடு மூடியே இருக்கட்டும். இன்லெட் வால்வுக்கு மட்டும், அதன் எடையைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு மெல்லிய ஸ்பிரிங் போதும், உறிஞ்சலிலேயே அது திறந்துகொள்ளும். 4 மி.மீ.க்கு மேல் இறங்காதபடி வால்வுத் தண்டில் ஒரு புஷ் (தடுப்பு வளையம்) போடுவது அவசியம். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் சிலிண்டரில் வெற்றிடம் கூடி, ரிங் வழியே ஆயிலை மேலே இழுக்கும். வேகத்தைக் கூட்டினாலோ வால்வு நேரத்துக்கு மூடாது, காற்று ஏர் கிளீனர் வழியே திரும்பி அடிக்கும்.

காற்று வெளியேற, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருந்த துளையை லேத் பட்டறையில் பெரிதாக்கலாம். தண்ணீர் ஓடும் உள்சுவரில் டிரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் பேர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். துளையில் ஒரு குழாயை முடுக்கி, வசதியாக எட்டும் இடத்தில், காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வைப் பொருத்துவார்கள். 15 மி.மீ. உள்விட்டத்தில் 14 செ.மீ. குழாய் என்றாலே 25 சிசி காலி இடம். முக்காலாக இருந்த காற்று பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். அந்த நான்-ரிட்டர்ன் வால்வு ஹெட்டின் முகத்திலேயே உட்கார வேண்டும்.

அங்கிருந்து முதல் 2 மீட்டருக்கு செம்பு அல்லது இரும்புக் குழாய்தான். ரப்பர் ஓஸ் அந்தச் சூட்டுக்கு நிற்காது. மல்டிகிரேடு எஞ்சின் ஆயிலுக்குப் பதில் கம்ப்ரசர் ஆயில் ஊற்றினால் வால்வில் கரி படிவது குறையும். கரி கட்டிய குழாய் சூட்டில் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். அதனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், வேலூர் சித்திரை வெயிலில் இதில் சமரசமே கூடாது.

டேங்க் விஷயத்தில் சிக்கனம் உயிருக்கு ஆபத்து. 57 செ.மீ. விட்டமுள்ள ஆயில் பேரலின் மூடி, 7 கிலோ அழுத்தத்தில் 17 டன்னுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய கம்ப்ரசர் டேங்க் கிடைத்தாலும், முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் 10.5 கிலோ வரை ஏற்றிப் பார்த்த பிறகே காற்று ஏற்றலாம். கிழிந்தாலும் தண்ணீர் ஒழுகும், காற்றைப்போலச் சிதறடிக்காது. சேஃப்டி வால்வை 8 கிலோவில் வைத்து, அதற்கும் டேங்குக்கும் நடுவில் எந்த வால்வும் இல்லாமல் பொருத்துங்கள். அடியில் டிரெயின் காக் அவசியம். மழைக்காலத்தில் ஒரு மணி நேர ஓட்டத்துக்குக் கால் லிட்டர் தண்ணீர் சேரலாம், அதுதான் டேங்கை அடியிலிருந்து அரிக்கிறது.

இந்தக் காற்றில் ஆயில் கலந்தே வரும். டயருக்கும் தூசி ஊதவும் பயன்படுத்தலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்கு ஃபினிஷ் ஸ்ப்ரே செய்ய இது ஆகாது, ஆயில் துளி விழுந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகும். குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில் இந்தக் காற்றை இறக்கக் கூடாது. கிணறு தூர்வார இறங்குபவருக்கு மூச்சுக்காற்றாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது, சூட்டில் கருகிய ஆயிலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரலாம்.

வேலை சரியா என்று பார்க்க கடிகாரம் போதும். 160 லிட்டர் டேங்க் காலியிலிருந்து 7 கிலோ ஏற நாலரை நிமிடம். எட்டு நிமிடம் பிடித்தால் ஹெட்டைக் கழற்றி, வால்வு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் வால்வை மறுபடி கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் சொட்டுகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.