தேன்சிட்டுக்காக ஒரு மூலை ஒட்டடை

போன ஆடியில் ஆரம்பித்த வேலை இது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தேன்சிட்டை வரவழைக்க வேண்டும் என்று ஆசை. முதலில் சீனித்தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கட்டினேன். எறும்புதான் வந்தது, இரண்டே நாளில் புளித்தும் போனது. சரி, செடி வைப்போம் என்று இட்லிப்பூவும் ஒற்றைச் செம்பருத்தியும் நான்கு தொட்டிகளில் வைத்தேன்.

கார்த்திகையில் வந்துவிட்டது, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஜோடி. மொத்தமே 10 செ.மீ. நீளம். ஆணுக்கு உச்சந்தலையில் பச்சை மினுக்கம், வயிறு மஞ்சள். தலையைத் திருப்பினால் பச்சை அணைந்து கறுப்பாகிவிடும். செம்பருத்திக்குள் அது தலையை நுழைக்கவே இல்லை. காம்போரம் உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சியது. 1766-ல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரில் இலங்கை இருக்கிறது: சைலோனிகா. நம் பேச்சில் இது வெறும் சிட்டு. சிட்டுக்குருவிக்கும் இதற்கும் பொதுவான அந்தச் சொல்லில்தான் 'சிட்டாய்ப் பறந்துட்டான்' என்கிறோம். பக்கத்து வீட்டு ஆச்சி பேத்தியைக் கூப்பிடுவதே 'தேன்சிட்டு' என்றுதான்.

மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வீடு துடைக்க ஒட்டடைக் கம்போடு மாடிக்குப் போனேன். படிக்கட்டுக் கூரையின் மூலையில் பெண் சிட்டு சிலந்தி வலையை அலகில் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ஆச்சி அந்தப் பக்கமிருந்து, "ஏ பிள்ள, அந்த மூலைய அடிச்சிராத. குருவி கூடு கட்டுத வீடு நல்லாருக்கும்" என்றார். கம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய கொடிக்கம்பியில் கூடு உருவானது. கட்டியது முழுக்கப் பெண்தான். ஆண் சுற்றிச் சுற்றிக் கத்தியதோடு சரி. நார், சருகு, பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் வலையால் ஒட்டி, சுருக்குப்பை மாதிரி தொங்கவிட்டது. பக்கவாட்டில் வாசல், மழை இறங்காமல் அதன்மேல் சின்னத் தாழ்வாரம். கடைசியாக உள்ளே எருக்கம்பஞ்சு.

செல்போனைக் குச்சியில் கட்டி உள்ளே படமெடுக்கக் கை அரித்தது. கூட்டைக் கைவிட்டுவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். துணி காயப்போடுவதையும் வேறு பக்கம் மாற்றினோம். தை பாதிக்கு மேல் வாசலில் இரண்டு சின்ன அலகுகள் தெரிந்தன. இப்போது ஆணும் இரை கொண்டுவந்தது. தேன் இல்லை, பூச்சியும் சிலந்தியும்தான். செடி மட்டும் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. தொட்டிகளில் மருந்து அடிப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

மாசி இரண்டாம் வாரம் இரண்டு குஞ்சும் பறந்துவிட்டன. கூடு இன்னும் கம்பியில் ஆடுகிறது. நேற்று அதே மூலையில் பெண் சிட்டு மறுபடி ஒரு நூல் இழுத்துக்கொண்டு போனது.