டேகெயார் காசை யாருடைய சம்பளத்தில் கழிக்கிறோம்?

ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் பிள்ளை பெற்ற எந்தத் தமிழ்ப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பாள்: "உழைக்கிற காசு முழுக்க டேகெயாருக்கே போகும், பேசாமல் வீட்டில நில்லு பிள்ளை." சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சொன்னது என் சொந்த மாமி. ஆனால் அந்த வசனத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. டேகெயார் காசு தாயின் சம்பளத்திலிருந்து மட்டும்தான் போகிறது என்ற கணக்கு. வீட்டு வாடகையை அப்படி யாரும் பார்ப்பதில்லை. கார் காப்புறுதியையும் பார்ப்பதில்லை. பிள்ளை இரண்டு பேருக்கும் பிறந்தது, செலவு மட்டும் ஏன் ஒருவரின் பெயரில்?

எங்கள் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். நான் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர், மணிக்கு 22 டொலர். வரியெல்லாம் போய் மாதம் 2,900 அளவில் கைக்கு வரும். கணவர் மார்க்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார், அவருக்கு 3,500 அளவில். வாடகை 1,780. மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய கட்டடத்தில் இரண்டு அறை வீடு. 2018 நவம்பர் 15க்கு முன்பே ஆட்கள் குடியிருந்த கட்டடம் என்றபடியால் வருடத்துக்கு வருடம் அரசு சொல்லும் வீதத்துக்கு மேல் வாடகையைக் கூட்ட முடியாது. 2025இல் அது 2.5 வீதம், 2026இல் 2.1. புதிய கட்டடங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. குளியலறை ஓடுகள் உடைந்திருந்தாலும் நாங்கள் இங்கிருந்து அசையாததற்குக் காரணம் அதுதான். சாப்பாட்டுச் சாமான் 900, கார் காப்புறுதி 260, பெற்றோல், தொலைபேசி, வவுனியாவில் அம்மா அப்பாவுக்கு 200. இதற்குள் இரண்டு பிள்ளைகள்.

மகன் 2018இல் பிறந்தான். அப்போது ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் 14 டொலர். நான் உழைத்ததும் அதுதான், கைக்கு வந்தது மாதம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2019இல் கைக்குழந்தைக்கு டேகெயார் தேடினேன். வீட்டுக்குக் கிட்ட இருந்த இடத்தில் மாதம் 1,750 என்றார்கள். பஸ் பாஸ் 150 டொலருக்கு மேல். மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாமியின் வசனம் அன்றைக்குச் சரியாகத்தான் பொருந்தியது, நான் வேலையை விட்டேன். பிறகு திரும்பிப் போனபோது பழைய அனுபவம் எதுவும் கணக்கில் வரவில்லை. சம்பளம் அடியிலிருந்தே தொடங்கியது, பல்வைத்தியக் காப்புறுதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஓய்வூதியத்துக்குக் கட்டாத வருடங்கள் கட்டாமலே போயின. டேகெயாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பவர்கள் இதை ஒருநாளும் கேட்பதில்லை.

இடையில் பெரிய மாற்றம் வந்தது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு டேகெயார் கட்டணத்தை நாடு முழுவதும் குறைக்கப் போவதாக அறிவித்தது. மாகாணங்களில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது ஒன்ராறியோ, 2022 மார்ச்சில். முதலில் கால் பங்கு குறைந்தது, அந்த வருட முடிவில் பாதிக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து திட்டத்தில் சேர்ந்த இடங்களில் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். மாதத்துக்கு 470 அளவில் வரும். 1,750 எங்கே, 470 எங்கே! இதைச் செய்ய வைத்தவர்களுக்கு, பல வருடங்கள் கொடி பிடித்து நின்ற டேகெயார் ஆசிரியைகளுக்கு, நான் மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் 22 டொலர் என்பது இடம் கிடைத்தவர்களுக்கான விலை. கிடைக்காதவர்களுக்கு விலையே வேறு.

மகள் 2024 பெப்ரவரியில் பிறந்தாள். வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்து வைத்திருந்தேன். (பெயர் பதிவதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். காத்திருப்புப் பட்டியலுக்குத் திருப்பித் தராத கட்டணம் வாங்குவது ஒன்ராறியோவில் 2016இலிருந்து தடை.) எங்கள் இருவரின் விடுமுறையும் முடிந்து அவளுக்கு இடம் தேவைப்பட்டது 2025 மார்ச்சில். அழைத்த இடமெல்லாம் ஒரே பதில்: செப்டெம்பருக்குப் பிறகு பாருங்கள்.

ஏன் செப்டெம்பர் என்று ஒரு டேகெயார் மேற்பார்வையாளர்தான் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒன்ராறியோவில் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பேர் நிற்க வேண்டும், ஓர் அறையில் பத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. பதினெட்டு மாதம் தாண்டினால் ஐந்து பிள்ளைக்கு ஒருவர் போதும், அறையில் பதினைந்து பேர். இரண்டரை வயதுக்குப் பிறகு எட்டுப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தை அறை நடத்துவதுதான் ஆகச் செலவானது, அதனால் பல இடங்களில் அந்த அறையே இல்லை. செப்டெம்பரில் நாலு வயதுக்காரர் ஜேகே என்ற பாலர் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், மற்றவர்கள் ஒவ்வொரு அறையாக மேலே ஏற, கீழே இடம் வரும். மார்ச்சில் கேட்டால் யாரும் நகர்வதில்லை. கட்டணம் குறைந்ததும் முன்பு வீட்டில் நின்ற அம்மாமாரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள், அது நியாயம்தான். வேலை செய்ய ஆட்களும் போதாது. சென்டெனியல் கல்லூரியில் இந்தப் படிப்பை முடித்த ஒரு தோழி இப்போது வங்கியில் நிற்கிறாள், அங்கே சம்பளம் கூட.

ஆக மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை ஒரு பள்ளம். எங்கள் குடும்பத்துக்கு உண்மையான டேகெயார் செலவு அந்த ஆறு மாதம்தான்.

"அம்மாவைக் கூப்பிடு" என்று பலர் சொன்னார்கள். பெற்றோர் நீண்ட காலம் வந்து நிற்பதற்கான சூப்பர் விசாவுக்கு ஆகக் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதற்கும் விமான ரிக்கெற்றுக்கும் போகும் காசு கிட்டத்தட்ட மூன்று மாத டேகெயார். காசை விட்டாலும், அப்பாவைத் தனியே விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு, ஓடத் தொடங்கிய பிள்ளையின் பின்னால் பத்து மணித்தியாலம் ஓடு என்று அம்மாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தை மார்ச் வரையாவது தள்ளிப் போட உதவியது கணவரின் ஐந்து கிழமைகள். இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. இ.ஐ.யில், அதாவது மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில், தாய்க்குப் பிரசவத்துக்கு 15 கிழமை, அதன்பின் பெற்றோருக்கு 40 கிழமை. ஆனால் ஒருவர் தனியாக 35க்கு மேல் எடுக்க முடியாது. மீதி ஐந்தை மற்றவர் எடுக்காவிட்டால் அது போய்விடும். 2019 மார்ச்சில் வந்த மாற்றம், மகனுக்கு இது கிடைக்கவில்லை. கணவரின் வேலைத்தலத்தில் ஆண்கள் எடுப்பதை ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள், அவர் எடுத்தார். சம்பளத்தில் 55 வீதம்தான் வரும், அதுவும் ஒரு உச்சவரம்புக்குள். ஆனாலும் அந்த நாட்களில் மகள் தகப்பனிடம் தலை சீவப் பழகிவிட்டாள், இன்றைக்கும் என்னிடம் சீவ வரமாட்டாள்.

பிறகு வீட்டு டேகெயார். இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று நாளுக்கு 40, கையில் காசு, ரசீது இல்லை. மற்றது 50, ரசீது உண்டு. முதல் வீட்டில் நான் போன நேரம் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். உரிமம் இல்லாத வீட்டில் ஐந்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதிலும் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேர்தான். உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தரவும் வேண்டும். நான் அதைக் கேட்டதும் அந்த வீட்டம்மாவின் முகம் மாறியது. வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது வீட்டு அக்கா மட்டக்களப்பு. நாலே பிள்ளைகள். கீழ்த்தளத்தை முழுக்கப் பிள்ளைகளுக்கு விட்டிருந்தார், படிக்கு இரண்டு பக்கமும் தடுப்பு, மருந்தெல்லாம் பூட்டிய அலுமாரியில். மத்தியானம் சோறு, பருப்பு, சொதி. மகள் இன்றைக்கும் மஞ்சள் நிறத்தில் எதைக் கண்டாலும் "சொதி" என்பாள். மாதத்துக்கு 1,050 வந்தது. 840க்கு அந்த முதல் வீடு இருக்க இதுவா என்று கணவர் யோசித்தார். வரி ரசீதோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடம் 8,000 வரை, அதற்கு மேல் பதினாறு வயது வரை 5,000, டேகெயார் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டால் ரசீதில் அவருடைய சின் இலக்கம் (சமூகக் காப்புறுதி இலக்கம்) வேண்டும், அதனால்தான் சிலர் தர மறுக்கிறார்கள். என் வருமானத்துக்கு 1,050இல் ஐந்திலொரு பங்கு, அதாவது 210 டொலர் அளவில் வரி குறையும். இரண்டு வீட்டுக்கும் இடையிலான வித்தியாசமும் 210தான். குடும்ப நிகர வருமானம் குறைவதால் அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக்காசும் கொஞ்சம் கூடும். இந்த ஏப்ரலில் வரி கட்டும்போது மகனின் செலவோடு சேர்த்து இரண்டாயிரம் டொலரைத் தாண்டி மிச்சம்.

பிள்ளைக்காசில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜூலையில் தொடங்கும் தொகை முந்தைய வருட வருமானத்தைப் பார்த்துத்தான் வரும். 2024இல் நான் விடுமுறையில் இருந்ததால் எங்கள் வருமானம் குறைவு, அதனால் 2025 ஜூலையில் காசு கூடியது. கூடிய காசைச் செலவோடு கலக்காமல் பள்ளத்தை நிரப்ப விட்டோம். இந்த ஜூலையில் அது குறையும், தெரிந்தே இருக்கிறோம்.

செப்டெம்பரில் மகளுக்கு 22 டொலர் இடம் கிடைத்தது. பதினெட்டு மாதம் தாண்டியிருந்ததால் பெரிய அறைக்குள் போனாள். இப்போது வேறொரு வேடிக்கையான கணக்கு ஓடுகிறது, எனக்கு அது வேடிக்கையாக இல்லை: மகனுக்கு ஏழு வயது, திட்டம் ஆறோடு நின்றுவிடும். பள்ளி விட்ட பிறகு இரண்டரை மணித்தியாலம் அவனைப் பார்க்க மாதம் 450. மகள் நாள் முழுக்க இருந்து, சாப்பிட்டு, தூங்கி எழுவதற்கும் கிட்டத்தட்ட அதே காசு. ஏழு வயதுப் பிள்ளையை நாலு மணிக்கு யார் பார்ப்பது என்று திட்டம் போட்டவர்கள் இனித்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் மச்சாளுக்கு நவம்பரில் பிள்ளை பிறக்கப் போகிறது. அவளுக்கும் அதே வசனம் வந்துவிட்டது, வேலையை விடலாமா என்று கேட்டாள். அவளோடு மேசையில் இருந்து அவளுடைய மாதங்களை எழுதினோம். ஒன்ராறியோவில் பெற்ற தாய் பிரசவத்துக்கு 17 கிழமையும் அதன்பின் 61 கிழமையும் வேலையை இழக்காமல் வீட்டில் நிற்கலாம். இ.ஐ. காசு எத்தனை கிழமைக்கு வருகிறது என்பது வேறு, வேலை எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பது வேறு. 55 வீதத்தில் ஒரு வருடமா, 33 வீதத்தில் ஒன்றரை வருடமா என்று முதலிலேயே சொல்ல வேண்டும், பெற்றோருக்கான காசு வரத் தொடங்கினால் மாற்ற முடியாது. அவள் ஒரு வருடக் காசை எடுத்து, அதைப் பிரித்து ஒன்றரை வருடத்துக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு. அப்படியானால் 2028 மேயில் பிள்ளை நேரே பதினெட்டு மாத அறைக்கு. மே முதல் செப்டெம்பர் வரை பள்ளம் வரலாம், அதற்கு இப்போதிருந்தே அவள், அவள் கணவர் இரண்டு பேரின் சம்பளத்திலிருந்தும் சமமாக ஒரு தொகை தனிக் கணக்குக்குப் போகிறது. நகர சபையின் டேகெயார் மானியத்துக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்தப் பட்டியல் வேறு, டேகெயார்களின் பட்டியல் வேறு, ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் எங்களால் எழுத முடியவில்லை. 2026இல் நாளொன்றுக்குப் பத்து டொலர் என்பதுதான் முதல் வாக்குறுதி. ஒன்ராறியோவில் அது வரவில்லை, ஒப்பந்தத்தை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். என் மகள் ஜேகே போவது 2028 செப்டெம்பரில், மச்சாளின் பிள்ளை அதற்கும் பிறகு. 22 டொலர் நிற்குமா என்று கேட்டு எங்கள் மாகாண உறுப்பினருக்கும் மத்திய உறுப்பினருக்கும் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் படிப்பதற்கு ஆள் இருக்கும் தொகுதிகள்தானே எங்களுடையவை.