மில்டுராவுக்குப் போகும் வழி

எங்கள் அக்காள் மகன் 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுப் போனான். அவன் போய்ச் சேர்ந்த ஊர் மில்டுரா. விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மர்ரே ஆற்றங்கரையில், மெல்பர்னிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 1887-இல் சாஃபி சகோதரர்கள் ஆற்று நீரைப் பம்பு வைத்து மேட்டு நிலத்துக்கு ஏற்றிப் பாசனக் குடியிருப்பு அமைத்த இடம் அது. திராட்சையும் ஆரஞ்சும் பாதாமும் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் முறைத்தண்ணீர் என்றைக்கு வரும் என்று பார்த்து வளர்ந்து, கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்த பையனுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை.

அவன் போனதிலிருந்து கல்யாண வீட்டிலும் நோம்பியிலும் என்னைப் பார்க்கிறவர்கள், "ஏனுங்க, அது சிட்னிக்குப் பக்கமுங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பக்கமில்லை. சிட்னியும் மெல்பர்னும் பிரிஸ்பேனும் வேண்டாம், மற்ற எங்கே என்றாலும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய விசா அது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டி ஏமாந்த மூன்று குடும்பங்களை எனக்கு நேரடியாகத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த விசாவுக்கு 491 என்று எண். 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடம் செல்லும்; அந்தக் காலத்தில் அரசு குறித்திருக்கும் வட்டாரங்களுக்குள்தான் குடியிருக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும். மூன்று வருடம் அப்படி இருந்து, மூன்று நிதியாண்டுகளுக்கான வருமான வரி அறிவிப்பையும் காட்டினால், 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வட்டாரம் என்றதும் காடு மேடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெர்த், அடிலெய்டு, கோல்ட் கோஸ்ட், கான்பெரா எல்லாமே இந்த வரையறைக்குள் வருகின்றன.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் வட்டார விசா எவ்வளவு தூக்கிவிடுகிறது என்பது தெரியும். விண்ணப்பிக்கவே 65 வேண்டும். ஆனால் 65-ஐ வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பை எதிர்பார்க்க முடியாது. எங்கள் பையனுக்கு வயது 31 என்பதால் 30, பொறியியல் பட்டத்துக்கு 15, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வாங்கியதற்கு 10, கோவையில் பார்த்த ஆறு வருட வேலைக்கு, அவர்களுக்கு அது வெளிநாட்டு அனுபவம் என்ற கணக்கில் 10, கல்யாணம் ஆகாதவன் என்பதற்கு 10. மொத்தம் 75. மாநில அரசின் பரிந்துரையோடு 491-க்குப் போனால் மேலும் 15 சேர்ந்து 90. அதே மாநிலம் எங்கும் குடியிருக்கத்தக்க 190 விசாவுக்குப் பரிந்துரைத்தால் கிடைப்பது 5 மட்டுமே. இந்தப் பத்து மதிப்பெண் வித்தியாசம்தான், சிறிய ஊருக்கு வருகிறேன் என்ற வாக்குக்கு அவர்கள் கொடுக்கும் விலை.

மதிப்பெண்ணுக்கு முன்னால், அவன் பொறியாளர்தான் என்று இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினராகிவிட்டது என்றாலும், அதன் கீழ் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைத்தான் அவர்கள் நேரடியாக ஏற்கிறார்கள். இவன் படித்த கல்லூரிக்கு அது இல்லை. ஆகவே தன் வேலையைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதி, தான் கற்றதையும் செய்ததையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சி.டி.ஆர். என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து முதல் கட்டுரையை எனக்குக் காட்டினான். ஒரு பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரில், இறகுத் தகடுகளின் கோணத்தை மாற்றித் திறனைக் கூட்டிய வேலை. வரைபடம், கணக்கு, சோதனை முடிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் வரிக்கு வரி "செய்தோம்", "மாற்றினோம்", "கண்டுபிடித்தோம்" என்றே எழுதியிருந்தான். அந்த அமைப்பின் விதியோ, குழு செய்ததை எழுதாதே, நீ என்ன செய்தாய் என்று தன்மை ஒருமையில் எழுது என்கிறது.

"கோணத்த யாரு மாப்ள மாத்துனது?" என்று கேட்டேன்.

"நான்தானுங்க மாமா. ஆனா மோல்டிங்ல இருக்கற பெரியவரு, அந்த வளைவுல உலோகம் பாயாதுன்னு சொன்னாருங்க. அதுக்கப்புறந்தான் நான் மறுபடி வரஞ்சேன்."

அதை அப்படியே எழுதச் சொன்னேன். நான் வரைந்தேன், வார்ப்படத்தில் சிக்கல் வரும் என்று மூத்த தொழிலாளி சுட்டிக்காட்டினார், நான் அவரைக் கலந்து வடிவத்தைத் திருத்தினேன் என்று. பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலையை ஒருவன் தன்னுடையது என்று சொல்வது நம் பக்கத்தில் பண்பாகாது; அந்தக் கூச்சத்தால்தான் திறமையுள்ள பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பெரியவருக்கு உரியதைப் பெரியவருக்குக் கொடுத்து, தனக்கு உரியதைத் தன் பெயரில் எழுதினால் அதில் பொய் ஏதுமில்லை. மூன்று கட்டுரைகளை முடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. கோவையில் ஓர் ஆலோசனை அலுவலகம், கட்டுரைகளைத் தயாராகவே விலைக்குத் தருவதாக அவனிடம் சொல்லியிருந்தது. வாங்கியிருந்தால், நகல் என்று பிடிபட்டதும் மதிப்பீட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாமல் தடை வந்திருக்கும். விசாவிலேயே பொய் ஆவணம் என்று முடிவானால் மூன்று வருடம் கதவு அடைந்துவிடும்.

பட்டம் உள்ளவனுக்கே இவ்வளவு பாடு என்றால், கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத்துப் பட்டறையில் பத்து வருடம் நின்ற டர்னரின் நிலைமை எனக்கு மனவேதனை தருகிறது. ஆஸ்திரேலியா தேடும் தொழில்களில் வெல்டரும் ஃபிட்டரும் உண்டு. இந்தத் தொழில்களை மதிப்பிடத் தனி அமைப்பும் உண்டு. ஆனால் நம் சிறு பட்டறைகளில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. மைக்ரான் கணக்கில் கடைசல் செய்யும் கை அவருடையது. அதற்குச் சாட்சி சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சம்பளத்தை வங்கியில் போடுங்கள், வேலையை விட்டுப் போகும்போது என்னென்ன எந்திரத்தில் என்னென்ன செய்தார் என்று தேதியோடு ஒரு கடிதம் கொடுங்கள். போகாமல் இங்கேயே இருப்பவருக்கும் அது உதவும்.

கனடாவிலும் இதே போன்ற ஏற்பாடு மாகாணங்களின் வழியாக நடக்கிறது. நிரந்தரமாகக் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 1,200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்ணில், மாகாணப் பரிந்துரைக்கு மட்டும் 600 கிடைக்கிறது. அது வந்துவிட்டால் அழைப்பு ஏறத்தாழ உறுதி. ஆனால் இடம் நிலையாக இருப்பதில்லை. மாகாணப் பரிந்துரைத் திட்டத்தின் கீழ் 2024-இல் 1,10,000 பேருக்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு 55,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் வேலைவாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டார்கள், கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதால். இந்த மாற்றங்களைச் சொல்லாமல் பழைய கணக்கைக் காட்டி இன்னமும் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"சஸ்காச்சுவன்ல பேப்பர் போடுங்க, பி.ஆர். வந்ததும் டொரன்டோ போயிரலாம்" என்று ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை, பெற்றவர் எந்த மாகாணத்திலும் குடியேறலாம் என்று கனடாவின் உரிமைச் சாசனத்தின் ஆறாம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் விண்ணப்பிக்கும் நாளிலேயே சஸ்காச்சுவன் மாகாணத்தில் இருக்கும் எண்ணம் இல்லை என்று தெரியவந்தால், அது தவறான தகவல் கொடுத்த குற்றமாகி ஐந்து வருடத் தடையில் போய் முடியலாம். ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்ற சிலருக்கே சட்டம் இடம் தருகிறது என்பதையும், உரிம எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிழக்குக் கடற்கரையின் நான்கு மாகாணங்களுக்கு அட்லாண்டிக் திட்டம் என்று தனியாக ஒன்று 2022 முதல் நிரந்தரமாகவே நடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட முதலாளியிடம் வேலை கிடைக்க வேண்டும், குடும்பம் அங்கே எப்படிக் குடியேறும் என்ற திட்டமும் எழுதித்தர வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது.

தொழில் முனைவோர் விஷயத்தில் எங்கள் பங்காளி அண்ணன் ஒருவர் பட்ட அனுபவம் உண்டு. காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சிறு நகரங்களில் தொழில் தொடங்க வருகிறவர்களுக்கான திட்டத்தைப் பார்த்தார்: 75,000-க்கும் குறைந்த மக்கள் தொகையுள்ள ஊர், மூன்று லட்சம் கனேடிய டாலர் சொத்து மதிப்பு, ஒரு லட்சம் முதலீடு, நேரில் போய் ஊரைப் பார்த்து அந்த ஊராரின் பரிந்துரையைப் பெறுதல். முதலில் வேலை அனுமதிதான். கடையை நடத்திக் காட்டிய பிறகே பி.ஆர். பரிந்துரை. காகிதத்தில் அவருக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் சொத்து முழுவதும் மூன்று அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டாவில் இருந்தது. தன் பங்கு இவ்வளவு என்று காட்டப் பாகப்பிரிவினை வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கனடாவின் இன்னொரு மாகாணமான பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வைப்புத்தொகை கட்டினால் உடனே பி.ஆர். என்றிருந்த வழியில், பலர் தொழிலை நடத்தாமல் தொகையை விட்டுவிட்டுப் பெருநகரங்களுக்குப் போய்விட்டதால், 2018-இல் அந்த வழியையே மூடிவிட்டார்கள் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

மில்டுராவில் பையன் ஒரு பாசனப் பம்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். முதல் ஆறு மாதம் அக்காவிடம் போனில் பேசும்போது குரல் உள்ளே போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அடங்கிக் கிடக்கிறது என்பான். பெண் பார்க்கும்போது இரண்டு வீட்டார், சிட்னியில்லை என்றதும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்த வீட்டில் பெண்ணே கூகுள் மேப்பில் ஆற்றையும் தோப்புகளையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மெல்பர்னுக்குப் பஸ் உண்டா, தான் செய்யக்கூடிய வேலை என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். போன தை மாதம் கல்யாணம் முடிந்தது. அவளுக்கு 491-இல் துணைவர் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அவனுக்கு இரண்டு வரி அறிவிப்பு கையில் இருக்கிறது. மூன்றாவது நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்ததும் கணக்கைத் தாக்கல் செய்து, மூன்று வருடமும் நிறைந்த பிறகு 191-க்கு எழுத உட்கார வேண்டும்.