ஆர்எஃப்ஐடி ரீடரின் ஆன்டெனாவை மாற்றுதல்: சுருளும் ஒத்ததிர்வும்

அட்டையைத் தொடாமலே ரேடியோ அதிர்வெண்ணில் படிக்கும் (ஆர்எஃப்ஐடி), ஆர்சி522 சில்லு வைத்த சிறிய ரீடர் பலகையை ஒரு பெட்டிக்குள்ளோ மேசையின் அடியிலோ பொருத்திப் பார்த்தவர்களுக்கு, அதன் வாசிப்புத் தொலைவு எவ்வளவு குறைவு என்பது உடனே புரிந்திருக்கும். வெளியே அட்டையை நன்றாகவே படிக்கும் பலகை, நடுவில் சற்றுத் தடித்த மரம் வந்ததும் அட்டை இருப்பதையே அறியாமல் போகிறது. தொலைவைக் கூட்ட வேண்டும் என்றதும் பெரும்பாலோர் இரண்டு வழிகளையே யோசிக்கிறார்கள்: அதிக மின்னோட்டம் செலுத்துவது, அல்லது பெரிய சுருள் ஒன்றைப் பொருத்துவது. முதல் வழியில் கிடைக்கும் பலன் மிகவும் சொற்பம். இரண்டாவது வழியில் பலன் உண்டு. ஆனால் புதிய சுருளை, அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து ட்யூன் செய்தால், அதாவது ரீடரின் அதிர்வெண்ணிலேயே அது ஒத்ததிரும்படி சரிசெய்தால் மட்டுமே அந்தப் பலன் கைக்கு வரும்.

இதற்குக் காரணம் இந்த ரீடர் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. இது இயங்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 22 மீட்டர். உள்ளங்கை அளவுச் சுருள் அந்த அலையை வெளியே வீசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ரீடரின் சுருளும் அட்டைக்குள் இருக்கும் சுருளும் சேர்ந்து, நடுவில் இரும்பு உள்ளகம் இல்லாத ஒரு மின்மாற்றியாகவே இயங்குகின்றன. சுருளின் அளவைவிடத் தொலைவு கூடிய பிறகு, காந்தப்புலம் தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. எனவே மின்னோட்டத்தை இரு மடங்காக்கினாலும் தொலைவு சுமார் 26 விழுக்காடுதான் கூடும். அதற்குள் சில்லு தாங்கும் எல்லையை நாம் தாண்டிவிடுவோம். ஆர்சி522-இன் ஆன்டெனாவைச் செலுத்தும் பகுதிக்கு 100 மில்லிஆம்பியர்தான் உச்ச வரம்பு. மென்பொருளில் ஏற்புப் பெருக்கத்தை, அதாவது அட்டையின் பதிலைச் சில்லு பெருக்கும் அளவை, 48 டெசிபல் வரை உயர்த்த முடியும் என்பது உண்மையே. ஆனால் அட்டைக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராதபோது, பெருக்குவதற்கு அங்கே பதில் எதுவும் இருக்காது.

சுருளின் அளவு அப்படியல்ல. மின்னோட்டமும் சுற்றுகளும் மாறாதிருக்க, அச்சின் மேல் ஒரு குறிப்பிட்ட தொலைவில் புலம் உச்சமடைவது, சுருளின் ஆரம் அந்தத் தொலைவைப் போல் 1.4 மடங்கு இருக்கும்போதுதான். 5 சென்டிமீட்டர் தொலைவில் படிக்க வேண்டுமானால் ஆரம் 7 சென்டிமீட்டர் இருக்கலாம். அதற்கு மேல் பெரிதாக்கினால் புலம் பரந்து நீர்த்துப்போகும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய டேக்குகளை மட்டுமே படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். பெரிய சுருளுக்கும் மிகச் சிறிய சுருளுக்கும் இடையே பிணைப்பு வலுவாக அமையாது.

சுருளில் கை வைக்கும் முன் நான் பார்ப்பது, சில்லுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வடிகட்டியாக நிற்கும் இரண்டு சிறிய மின்தூண்டிகளை. மலிவான பலகைகள் பலவற்றில் இவை மின்தடை அதிகமுள்ள, குறைந்த மின்னோட்டமே தாங்கும் வகையாக இருக்கின்றன. அதே மதிப்பில், கூடுதல் மின்னோட்டம் தாங்கும் மின்தூண்டிகளைச் சால்டர் செய்தாலே பலகையின் பழைய ஆன்டெனாவுக்குக் கண்கூடான முன்னேற்றம் கிடைக்கிறது. இதுவே போதுமென்றால் சுருளைத் தொடவே தேவையில்லை.

புதிய சுருள்தான் வேண்டும் என்றால், அதன் மின்தூண்டல் எண்ணை (இண்டக்டன்ஸ்) முதலில் அறிய வேண்டும். கணிப்பு வாய்பாடுகள் இருந்தாலும் அளந்து பார்ப்பதையே நான் விரும்புகிறேன். சுருளின் இரு முனைகளுக்கு நடுவே 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சால்டர் செய்து, அதிர்வெண்ணுக்கேற்பச் சுற்றின் நடத்தையை அளந்து காட்டும் நானோவிஎன்ஏ என்ற சிறு கருவியின் கேபிள் முனையில் ஒரே சுற்றுள்ள சிறு வளையத்தைப் பொருத்தி, அந்த வளையத்தைச் சுருளின் மேல் சற்று உயரத்தில் பிடித்தால், திரையில் நேர்கோடாக ஓடும் கோடு ஓரிடத்தில் குழிந்து நிற்கும். குழிவு 15.9 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் சுருள் 1 மைக்ரோஹென்றி, அதை 13.56-க்குக் கொண்டுவர மொத்தம் 138 பிக்கோஃபாரட் தேவை. வளையத்தை மிக நெருக்கமாகக் கொண்டுபோனால் குழிவு ஆழமாகும், ஆனால் இடமும் நகரும்; அதனால் குழிவு மெலிதாகத் தெரியும் உயரத்திலேயே அளக்க வேண்டும். இறுதியில் பொருத்தும் மின்தேக்கிகள், மதிப்பு நிலையாக நிற்கும் என்பி0 பீங்கான் வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகையின் மதிப்பு வெப்பத்தாலும் மின்னழுத்தத்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒத்ததிர்வு கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. தடித்த கம்பியில் அழகாகச் சுற்றிய சுருளின் தரக்காரணி (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை, அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் காட்டும் எண்) மிக உயர்ந்து, அதுவே இடைஞ்சலாகிவிடும். ரீடர் அட்டைக்குத் தரவு அனுப்பும்போது புலத்தைச் சுமார் 3 மைக்ரோவினாடி நேரம் நிறுத்திக் காட்டுகிறது. அந்த நேரத்தில் அடங்குவது ஏறத்தாழ 40 அலைவுகளே. தரக்காரணி அந்த எண்ணை நெருங்கினால், சுருள் அதற்குள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும்; அலைக்காட்டியில் புலம் மிக வலுவாகத் தெரியும், அட்டையோ வாய் திறக்காது. சுருளோடு தொடராக ஒரு சிறிய மின்தடையைச் சேர்த்துத் தரக்காரணியை 30-க்குக் கீழே கொண்டுவருவது இதற்குத் தீர்வு. கொஞ்சம் புலத்தை இழந்தாலும் நம்பகமான வாசிப்பு கிடைக்கிறது.

வேறொரு வகையான 125 கிலோஹெர்ட்ஸ் ரீடர்களில் இந்தத் தொல்லைகள் குறைவு. 4.7 நானோஃபாரட் மின்தேக்கியோடு 345 மைக்ரோஹென்றி சுருள் சேர்ந்தால் சரியாக 125 கிலோஹெர்ட்ஸ் வரும். விட்டத்தை இரு மடங்காக்கினால் சுற்றுகளை ஏறத்தாழ 0.7 மடங்காகக் குறைக்க வேண்டும். இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்து அளப்பது எளிது.

எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் கடைசி ட்யூனிங்கைப் பெட்டியை மூடிய நிலையில்தான் செய்ய வேண்டும். சுருளுக்குப் பின்னால் மின்கலத் தொகுப்போ உலோகத் தகடோ வந்தால், அதில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் மின்தூண்டல் எண்ணைக் குறைத்து, குழிவை மேல் அதிர்வெண்ணுக்குத் தள்ளும். நடுவில் ஃபெரைட் தாளைச் செருகினால் புலம் காப்பாற்றப்படும், ஆனால் இம்முறை குழிவு கீழே இறங்கும். அதனால்தான் நிலையான மின்தேக்கிக்கு இணையாக ஒரு சிறு டிரிம்மரையும் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய மின்தேக்கி) வைத்து, அதைத் திருப்பப் பெட்டியில் ஒரு துளை விட்டுவிடுகிறேன்.

அட்டையும் ஒரு ஒத்ததிர்வுச் சுற்று என்பதால், அது மிக அருகில் வந்தால் ரீடரின் ட்யூனிங்கையே இழுத்துவிடும். 4 சென்டிமீட்டரில் படிக்கும் ரீடர், அட்டை மேலே ஒட்டியிருக்கும்போது படிக்காமல் போவது இதனால்தான். எனவே உச்சத் தொலைவை அளந்ததோடு நிறுத்தாமல், அட்டையைப் பெட்டியின் மேல் படிய வைத்தும், ஓரத்தில் சாய்த்தும், வெவ்வேறு வகை அட்டைகளைக் கொண்டும் பார்த்த பிறகே டிரிம்மரின் மேல் ஒரு சொட்டுப் பசையை வைக்கிறேன்.