வெள்ளையை எடுக்கப் பழகியது உப்பளத்தில்

ராமேஸ்வரம் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று படமெடுக்கும் ஆளை, உறைந்த பாங்காங் ஏரியை எடுக்கச் சொல்லி ஒரு பயண நிறுவனம் ஜனவரியில் லடாக்குக்கு அனுப்பினால், பனியையே பார்க்காதவனுக்கு இது எப்படி வரும் என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். எனக்குக் குளிரைப் பற்றித்தான் பயம், படத்தைப் பற்றி இல்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் நிறைய எடுத்திருக்கிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். உப்புக் குவியலைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று தானே குறைத்துவிடும், உப்பு சிமெண்டு மாதிரி வந்து நிற்கும். வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர்கள் வரிசையாக நின்றாலும் இதே கதைதான். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தை நாமாகக் கூட்ட வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அங்கே பாத்தியில் உப்பு வாரும் ஒரு அக்கா, “உச்சி வெயில்ல எடுக்காதீங்க தம்பி, எங்களுக்கே கண்ணு கூசும், ஒண்ணுந் தெரியாது” என்பார். சாய்ந்த வெயிலில்தான் உப்புக்கு மேடு பள்ளம் தெரியும், பனிக்கும் அப்படித்தான்.

ஆனால் ஏரி முழுக்க வெள்ளை என்று நினைத்துப் போனால் சரிப்படாது. காற்று பனியைத் தள்ளிவிட்ட இடங்களில் தெளிந்த பனிக்கட்டி கருநீலமாகக் கிடக்கிறது, நடுவே வெள்ளை வெள்ளையாக விரிசல்கள். அங்கே ஸ்டாப்பைக் கூட்டினால் அந்த விரிசல்தான் முதலில் வெளுத்துப்போகும். இன்னொன்று, அது உவர்ப்புத் தண்ணீர். உறையும்போது உப்பைக் கீழே தண்ணீரிலேயே தள்ளிவிட்டுத்தான் கட்டியாகிறது. நம் உப்பளத்தில் தண்ணீர் ஆவியாகி மேலே போய் உப்பு தங்குகிறது, அங்கே நல்ல தண்ணீர் கட்டியாகி மேலே நிற்கிறது. கூட வந்த உதவியாளத் தம்பி, “அண்ணே, அப்ப பாக் சலசந்தியும் உறையுமா?” என்றான். கடல் தண்ணீர் உறைய ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். நம் ஊர் மார்கழிக்கு ஒரு சட்டை போதும்.

பேட்டரிதான் பாடாய்ப் படுத்தியது. ஏறக்குறைய 14,000 அடி உயரத்துக் குளிரில் சீக்கிரமே சார்ஜ் இறங்கிவிடும், உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். லென்ஸ் வேர்ப்பது எனக்குப் புதிதில்லை. ஏசி அறையிலிருந்து விடிகாலை தனுஷ்கோடி மணலில் இறங்கினால் இங்கேயும் வேர்க்கும். அங்கே தலைகீழ்: வெளியே போகும்போது ஒன்றும் ஆகாது, அடுப்பு எரியும் அறைக்குள் வரும்போதுதான் ஈரம் படியும். குளிரிலேயே பாலிதீன் உறைக்குள் போட்டு மூடி உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் வைத்தோம்.

நிறுவனம் கடைசியில் அட்டைக்கு எடுத்தது, நீலத்தை ஏகத்துக்கும் ஏற்றித் திருத்திய ஒரு படத்தை. நிழலில் கிடக்கும் பனி நீலம் தட்டும், சரி, அதற்காக நீச்சல் குளமாக்குவதா? சம்பளம் சொன்ன தேதியில் வந்துவிட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை வெள்ளையாகவே வந்த படங்கள் கடைச் சுவரில் தொங்குகின்றன, வருகிறவர்களில் பாதிப்பேர் அதை உப்பளம் என்றுதான் நினைக்கிறார்கள்.