ஜீப்பை உயர்த்திய பிறகு உட்கார மறுத்த லிங்க்

என்னுடையது 2014 ஜீப் ராங்லர், ஜேகே தலைமுறை, இரண்டு கதவு, ஸ்போர்ட் மாடல். ராங்லரின் ரூபிகான் மாடலில் ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பக்க ஸ்வே பார் கழன்றுகொள்ளும், இதில் அந்த வசதி கிடையாது. ஃபீனிக்ஸில் வீட்டு வாசலிலேயே வைத்து இரண்டரை அங்குல லிஃப்ட் கிட் போட்டேன். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் பேசாமல் உட்கார்ந்தன. படுத்தி எடுத்தது முன்பக்க ஸ்வே பார் லிங்க்தான்.

ஸ்வே பார், அதாவது நம்ம ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் ஸ்டெபிலைசர் ராடு, வண்டியின் குறுக்கே படுத்திருக்கும் ஸ்பிரிங் எஃகுக் கம்பி. அதன் நடுப்பகுதி சேசிஸில் ரப்பர் புஷ்களுக்குள் சுழலும். இரண்டு முனையிலும் உள்ள கைகளை ஆக்ஸிலோடு கோப்பது லிங்க். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் சும்மா சுழலும், ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு வண்டி சாயாமல் தடுக்கும். லிஃப்ட் போட்டால் சேசிஸ் மட்டும் மேலே போகிறது, பழைய நீளத்திலேயே லிங்க் இருந்தால் அது பாரின் கையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது அந்தக் கை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு.

ஜேகேவில் முன்பக்க லிங்க் பின்பக்கத்ததைவிட நீளம். அதனால் பழைய முன் லிங்க்குகளைக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டு, முன்னால் நீளம் மாற்றக்கூடிய, கையாலேயே கழற்றி மாட்டும் வகையை வாங்கினேன். கரடுமுரடான பாதையில் கழற்றிவிட்டால் சக்கரங்கள் தனித்தனியாகத் தாராளமாக ஏறி இறங்கும். பழையதைக் கழற்றுவது எளிதாகத்தான் இருந்தது. அரிசோனாவில் சாலையில் உப்புப் போடுவது அரிது, துரு அவ்வளவாக இல்லை. மிச்சிகனில் இருக்கும் நண்பர் இதே வேலையைச் செய்தபோது போல்ட்டை கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தாராம். பின்பக்கம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது, அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முன்பக்கம் வேறு கதை. கூட வந்த தாளில் இரண்டரை அங்குல லிஃப்டுக்கு இன்ன நீளம் என்று போட்டிருந்ததை அப்படியே வைத்தேன், வண்டியைத் தரையில் இறக்கிப் பார்த்தால் பாரின் கை இன்னும் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. வண்டி இரண்டரைக்கு மேலேயே தூக்கிவிட்டது. அதில் மர்மம் எதுவும் இல்லை, இந்த ஸ்பிரிங்குகள் இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் சுமக்கும் வண்டிகளையும் மனத்தில் வைத்துச் செய்தவை, என் வண்டியிலோ கம்பெனி பிளாஸ்டிக் பம்பர்தான். பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் வேறு, உங்கள் வண்டி நிஜமாக உயர்ந்திருக்கும் அங்குலம் வேறு. லிங்க் நீளத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும், அதற்கு பழைய உயரத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர நடுவரைக்கும் அளந்தால் போதும், டயர் காற்று கணக்கில் வராது.

சரி, நீளத்தைக் கூட்டினேன். அப்புறம்தான் அசல் தொல்லை. ஆக்ஸிலில் இருக்கும் முளையில் லிங்க்கின் கீழ் முனையைச் செருகிக் கிளிப் போட வேண்டும், அதுதான் இந்த வகையின் வசதியே. ஆனால் இரண்டு லிங்க்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. டிரைவர் பக்கத்து லிங்க்கின் கீழ்முனை டயரை நோக்கி வெளியே போகிறது, மறுபக்கத்தது ஸ்பிரிங்கை நோக்கி உள்ளே வருகிறது. கையால் தள்ளினால் முளையில் ஏறவே மாட்டேன் என்கிறது, ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஏறும், ஏறிய பிறகு புஷ் ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

காரணம் லிங்க்கில் இல்லை, ட்ராக் பாரில், அதாவது ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் கம்பியில். ஜேகேவின் முன் ட்ராக் பார் டிரைவர் பக்கம் சேசிஸிலும் மறுபக்கம் ஆக்ஸிலிலும் பிடித்திருக்கும். வண்டி உயர்ந்ததும் அது முன்னைவிடச் செங்குத்தாகச் சரிகிறது, நீளம் மாறாததால் குறுக்குவாட்டில் எட்டும் தூரம் குறைகிறது, ஆக்ஸில் மொத்தமாக டிரைவர் பக்கம் இழுபடுகிறது. என் வண்டியில் அரை அங்குலத்துக்குப் பக்கமாக நகர்ந்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சேசிஸிலிருந்து இரண்டு டயருக்கும் டேப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் இந்த விலைக் கிட்டுகளில் வராது, தனியாக வாங்க வேண்டும். “இரண்டரை அங்குலத்துக்கு அதெல்லாம் வேண்டாம்” என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஓட்டுவதற்கு வேண்டாம்தான். ஆனால் கையால் கழற்றி மாட்டும் லிங்க் போட்டிருந்தால் வேண்டும் என்பது என் கருத்து, இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மண்ணில் முழங்காலிட்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ட்ராக் பாரை நீட்டி ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதைத் தொட்டால் ஸ்டியரிங் நேராக நிற்காது, ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கில் (drag link, ட்ராக் பார் வேறு) திருகி அதையும் சரிசெய்ய வேண்டும். ஜேகேவில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தால், வண்டி வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு தானாக பிரேக் போடப் பார்க்கும். இவ்வளவும் முடிந்து, வண்டி தன் முழு எடையோடு தரையில் நின்ற பிறகு லிங்க் நீளத்தை மறுபடி அளந்தேன். இந்தத் தடவை முளையில் கையாலேயே ஏறியது. கைபேசியில் இருக்கும் லெவலை பாரின் கைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வாசல் கொஞ்சம் சரிவாக இருந்ததால் கடைசி முனை மட்டும் மயிரிழை அளவுக்கு முளையில் ஏறாமல் நின்றது. மனைவியை பம்பர் ஓரத்தில் உட்காரச் சொன்னேன், ஏறிவிட்டது. இந்த இடத்தில் ஒரு பக்க லிங்க்கை மட்டும் இரண்டு சுற்றுத் திருகிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஜீப்புகள் இயல்பாகவே ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கும், அதை லிங்க்கால் நிமிர்த்தப் பார்த்தால் பார் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே நீளம், அவ்வளவுதான்.

பிறகு சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து முன் ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீள ஷாக் போட்டு, லிங்க் குட்டையாக இருந்தால், முழுக்கத் தொங்கும்போது கையும் லிங்க்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும், அதைத் தாண்டினால் முழங்கால் முன்பக்கமாக மடங்குவது போல மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அந்த நிலையில் வண்டி எடை இறங்கினால் ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். என்னுடையதில் கோணம் தாராளமாக மிச்சமிருந்தது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் அப்போதே பார்த்தாயிற்று. அடுத்து ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை (ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் கட்டை) ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் லிங்க்கில் உரசவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

செடோனாவில் புரோக்கன் ஏரோ பாதைக்குப் போனோம். லிங்க்கைக் கழற்றி, பாரின் கைகளை மேலே தூக்கி ஸ்ட்ராப் போட்டுக் கட்டினேன், தொங்கவிட்டால் டயரில் மோதும். டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்ற பாறைப் படிகளில் இறங்கும்போது நான்கு சக்கரமும் தரையை விடவில்லை. தார்ச்சாலை தொடும் முன் திரும்ப மாட்டியாயிற்று.

வீடு திரும்பியதும் வேகத்தடைகளில் டொக் டொக்கென்று சத்தம். வீல் அலைன்மெண்ட் பார்க்கப் போன கடையில், முன் சக்கரங்கள் திரும்ப உதவும் பால் ஜாயிண்ட் போய்விட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு அதே வேகத்தடையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், சத்தம் நின்றுவிட்டது. பால் ஜாயிண்ட் என்றால் எப்படி நிற்கும்? லிங்க்கில் நீளத்தைப் பூட்டி வைக்கும் நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கி, நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்து பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன், கோடு விலகினால் தளர்கிறது என்று கீழே குனிந்தாலே தெரியும். முளையிலும் கொஞ்சம் கிரீஸ்.

பின் ஆக்ஸிலும் மறுபக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கிறது. அங்கே கழற்றி மாட்டும் வேலை இல்லாததால் அவசரமில்லை. ட்ராக் பாருக்கான பிராக்கெட் வாங்கி கராஜில் கிடக்கிறது, இந்த வெயிலில் வாசலில் படுத்து வேலை செய்ய முடியாது, அக்டோபரில் பார்க்கலாம்.